குளோன் கருக்கள் 8 செல்லில் நிற்கும்போது எதை முதலில் மாற்றுவது?

கால்நடை உயிரித் தொழில்நுட்பத்தில் ஆய்வு செய்யும் மாணவர் ஒருவரின் கேள்வி சுருக்கமாக இது. அவர் கைமுறை குளோனிங்கில், அதாவது கருமுட்டையின் உட்கருவைப் பிளேடால் வெட்டி நீக்கிவிட்டு, வேறொரு செல்லை (கொடைச் செல்) அதோடு இணைக்கும் முறையில், எருமைக் கருக்களை உருவாக்குகிறார். நூறு கருவில் எழுபத்தைந்து வரை முதல் பிளவு ஒழுங்காக நடக்கிறது. மூன்றாம் நாள் பார்த்தால் பெரும்பாலானவை 8 செல்லில், மிஞ்சிப்போனால் 16 செல்லில் நின்றுவிடுகின்றன. ஏழாம் நாள் பிளாஸ்டோசிஸ்ட் (உள்ளே குழி விழுந்து, கருப்பைக்கு மாற்றத் தயாரான கட்டம்) 8 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. மெலடோனின் போட்டுப் பார் என்கிறார் சீனியர். வைட்டமின் சி நல்லது என்கிறார் இன்னொருவர். விலை கூடிய ரெடிமேட் மீடியா (கரு வளரும் திரவம்) வாங்கலாமா என்று யோசிக்கிறார் கைடு. இதில் எதை முதலில் மாற்றுவது?

எதையும் மாற்றாதீர்கள். அடுத்த முறை குளோன் செய்யும் நாளில் பக்கத்தில் இன்னொரு டிஷ் மட்டும் வையுங்கள். அதே நாள், அதே சினைப்பைகளிலிருந்து எடுத்த கருமுட்டைகளில் ஒரு இருபதை ஒதுக்கி, அவற்றைச் சுற்றியுள்ள ஜோனா உறையை மட்டும் நீக்குங்கள். உட்கருவை எடுக்க வேண்டாம், கொடைச் செல் சேர்க்க வேண்டாம். குளோன் கருக்களுக்குக் கொடுக்கும் அதே மின்துடிப்பு, அதே தூண்டல் மருந்துகள் (கால்சியம் அயனோஃபோர் 5 நிமிடம், 6-டிஎம்ஏபி 4 மணி நேரம்) எல்லாம் இவற்றுக்கும் கொடுத்து, அதே மீடியாவில் அதே இன்குபேட்டரில் விடுங்கள். விந்தணு இல்லாமலே தூண்டப்பட்டு வளரும் இந்தக் கருக்களைத்தான் பார்த்தினோட் என்கிறோம். இவை கன்றாகப் போவதில்லை. ஆனால் உங்கள் டிஷ்ஷைப் பற்றி உண்மை பேசும் சாட்சி இவைதான்.

பார்த்தினோட்டில் 30, 35 சதவீதம் பிளாஸ்டோசிஸ்ட் வந்து, குளோனில் மட்டும் 8 வந்தால் உங்கள் மீடியாவைக் குறை சொல்ல முடியாது. அந்த மீடியா ஒரு கருவை ஏழாம் நாள் வரை கொண்டுபோகக் கூடியது என்று நிரூபணமாகிவிட்டது. கோளாறு கொடைச் செல்லிலோ, இணைப்பிலோ, உட்கரு நீக்குவதிலோ இருக்கிறது. இரண்டிலும் 8 சதவீதமே வந்தால் அப்போது டிஷ்ஷின் மேலும், அதற்கு முன்னால் கருமுட்டையின் மேலும் சந்தேகப்பட நியாயம் உண்டு. இதைப் பார்க்காமல் மீடியா மாற்றிக்கொண்டே போவது, டாங்கில் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்காமல் கார்புரேட்டரைக் கழற்றுகிற கதைதான். நானும் ஒரு காலத்தில் எட்டு மாதம் கழற்றியவன் என்பதால் சொல்கிறேன்.

8 செல்லில் நிற்பது தற்செயல் இல்லை. கருமுட்டை தன் வயிற்றில் கட்டுச்சோறு கட்டிக்கொண்டுதான் வருகிறது. தாய் வைத்துவிட்டுப்போன ஆர்என்ஏவும் புரதங்களும் முதல் சில பிளவுகளுக்குப் போதும். அதற்குப் பிறகு கரு தன் சொந்த மரபணுக்களை இயக்கியாக வேண்டும். எலியில் இது 2 செல்லில் நடக்கிறது, பன்றியில் 4 செல்லில். மாடு, எருமை, ஆடு போன்றவற்றில் 8 செல்லுக்கும் 16 செல்லுக்கும் இடையில். கட்டுச்சோறு தீர்ந்து சொந்த அடுப்பு பற்ற வேண்டிய அந்த இடத்தில்தான் வளர்ப்புச் சூழலின் எல்லாக் குறைகளும் வெளியே வரும். குளோன் கருவுக்கு இங்கே கூடுதலாக ஒரு சிக்கல். அதன் உட்கரு நேற்று வரை தோல் செல்லாக இருந்தது. தோல் செல்லுக்கான மரபணுக்களை அணைத்து, கருவுக்கானவற்றைத் திறக்க வேண்டும். தான் தோல் செல்லாக இருந்ததை அது மறக்காவிட்டால் எவ்வளவு நல்ல மீடியாவில் போட்டாலும் 8 செல்லில்தான் நிற்கும். மீடியாவால் வரும் 8 செல் நிறுத்தமும், மறக்காத உட்கருவால் வரும் 8 செல் நிறுத்தமும் மைக்ரோஸ்கோப்பில் ஒன்றுபோலவே தெரியும். அதனால்தான் சாட்சி டிஷ்.

குளோன் செம்மறி டாலியின் கதையில் பலரும் கவனிக்காமல் விடும் ஒரு விவரம் இங்கே பொருந்தும். ஸ்காட்லாந்தின் ராஸ்லின் நிறுவனத்தில் 1996 ஜூலையில் பிறந்த அந்த ஆட்டுக்குட்டிக்காக 277 கருக்களை இணைத்தார்கள். அவற்றைச் செயற்கை மீடியாவில் விட்டுவிடவில்லை. அகார் துண்டில் பதித்து, கட்டுப்போட்ட செம்மறி ஆட்டின் கருக்குழாய்க்குள் ஆறு நாள் வைத்து வளர்த்தார்கள். அதில் 29 மட்டும் அடுத்த கட்டத்தை எட்டின. அந்த 29 கருக்களும் 13 ஆடுகளுக்குள் வைக்கப்பட்டு, ஒன்றே ஒன்று பிறந்தது. அன்றைக்கு உலகின் மிகச் சிறந்த கையாக இருந்தவர்களே டிஷ்ஷை விட உயிருள்ள ஆட்டின் குழாயைத்தான் நம்பியிருக்கிறார்கள். இன்று நாம் அந்தக் குழாயின் வேலையை ஒரு சொட்டு உப்புநீரிடம் ஒப்படைத்திருக்கிறோம். அந்தச் சொட்டின் வேலை கருவை வளர்ப்பது என்பதை விட, வளரத் தெரிந்த கருவைக் கெடுக்காமல் இருப்பது என்று எடுத்துக்கொண்டால் பல முடிவுகள் எளிதாகும்.

கெடுப்பவை எவை? என் கணக்கில் முதல் இடம் வெப்பத்துக்கு. மாடு, எருமைக் கருக்களுக்கு 38.5 டிகிரி செல்சியஸ் என்று எல்லோருக்கும் தெரியும். இன்குபேட்டருக்குள் அது சரியாகவே இருக்கும். ஆனால் கைமுறை குளோனிங்கில் கருமுட்டை இன்குபேட்டருக்கு வெளியே கழிக்கும் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். கருமுட்டையைச் சுற்றியிருக்கும் கியூமுலஸ் செல்களை உதிர்ப்பது, புரோனேஸில் ஜோனாவைக் கரைப்பது, பிளேடால் வெட்டி உட்கருவை நீக்குவது, ஃபைட்டோஹீமாக்ளூட்டினின் என்ற ஒட்டும் புரதத்தில் தோய்த்துக் கொடைச் செல்லை ஒட்டுவது, மின்துடிப்பு. பழகாத கை என்றால் இரண்டு மணி நேரம் வெளியேதான். நான் இருந்த ஒரு ஆய்வகத்தில், மைக்ரோஸ்கோப் மேடையைச் சூடாக்கும் ஸ்டேஜ் வார்மரின் திரையில் எப்போதும் 38.5 என்றே பச்சை நிறத்தில் எரியும். ஒருநாள் மெல்லிய தெர்மோகப்பிள் நுனியை நேராக மீடியா சொட்டுக்குள் விட்டுப் பார்த்தோம். 35.8. திரை பொய் சொல்லவில்லை, உலோகத் தகடு 38.5-ல்தான் இருந்தது. ஆனால் பிளாஸ்டிக் டிஷ்ஷின் அடியில் சுற்று விளிம்பு கொஞ்சம் உயர்ந்திருக்கும். அதனால் நடுப்பகுதி தகட்டைத் தொடுவதே இல்லை, இடையில் ஒரு காற்றுப் படலம். போதாக்குறைக்கு ஏசி காற்று நேராக மைக்ரோஸ்கோப்பின் மேல் விழுந்துகொண்டிருந்தது. ஏசியின் இதழ்களைத் திருப்பிவிட்டு, தகட்டின் வெப்பத்தைச் சொட்டுக்குள் 38 வருமளவு ஏற்றினோம். செலவு ஒரு ரூபாய் இல்லை.

அடுத்தது வாயு. கார்பன் டை ஆக்சைடு எதற்கென்றால் மீடியாவில் இருக்கும் பைகார்பனேட்டோடு சேர்ந்து பிஎச் மதிப்பை 7.3, 7.4 அருகில் நிறுத்துவதற்கு. 25 மில்லிமோலார் பைகார்பனேட்டும் 5 சதவீத வாயுவும் கடல்மட்டத்தில் பொருந்தும். மேட்டில் இருக்கும் ஊரில் அதே 5 சதவீதம் போதாது. ஷேர்-இ-காஷ்மீர் வேளாண் பல்கலைக்கழகம் 2012 மார்ச்சில் பஷ்மினா ஆட்டுக் குளோன் நூரியைப் பிறக்கவைத்தது. அந்த ஸ்ரீநகர் கடல்மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் அளவு உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஆறில் ஐந்து பங்குதான். 5 என்று இன்குபேட்டர் காட்டும்போது கருவுக்குக் கிடைப்பது கடல்மட்டக் கணக்கில் சுமார் 4.2. எனவே திரையில் தெரியும் எண்ணை விட்டுவிட்டு, இரவு முழுக்க இன்குபேட்டரில் இருந்த மீடியாவின் பிஎச் மதிப்பை அளந்து, அதற்கேற்ப வாயுவைத் திருத்துவதே சரியான வழி.

ஆக்சிஜன் விஷயத்தில் நம் ஆய்வகங்கள் காட்டும் அலட்சியம் எனக்குப் புரிவதில்லை. காற்றில் 20 சதவீதம் ஆக்சிஜன் இருக்கிறது. கருக்குழாய்க்குள் இருப்பது அதில் பாதியும் இல்லை. 1972-ல் டெர்விட், விட்டிங்ஹாம், ரவுசன் மூவரும் செம்மறியின் கருக்குழாய்த் திரவத்தில் என்னென்ன உப்பு எவ்வளவு இருக்கிறது என்ற அளவீடுகளை வைத்து ஒரு மீடியாவை உருவாக்கினார்கள். நாம் இன்று எஸ்ஓஎஃப் (செயற்கைக் கருக்குழாய்த் திரவம்) என்று சொல்வது அதன் வழித்தோன்றல்தான். அவர்களே அன்றைக்கு ஆக்சிஜனை 5 சதவீதமாகக் குறைத்துத்தான் வளர்த்தார்கள். பின்னாலே கருக்குழாய் செல்களையோ சினைப்பையின் கிரானுலோசா செல்களையோ அடியில் வளரவிட்டு அதன்மேல் கருவை வைக்கும் கூட்டு வளர்ப்பு முறை வந்தது. அந்த செல்கள் ஆக்சிஜனைக் குடித்துத் தீர்த்துவிடும் என்பதால் மேலே 20 சதவீதம் இருந்தாலும் கருவைச் சுற்றிக் குறைவாகவே இருந்தது. அப்புறம் செல்கள் நோய்த்தொற்றைக் கொண்டுவரும், ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொள்ளும் என்று அந்த முறையைக் கைவிட்டோம். ஆனால் 20 சதவீதத்தை மட்டும் கைவிடவில்லை! குடிக்க ஆளில்லாத ஆக்சிஜன் முழுவதும் கருவின் மேல் விழுகிறது. அதற்கு மெலடோனின் போட்டு நிவாரணம் தேடுகிறோம். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கொசுவர்த்தி ஏற்றுவது போல.

ஆக்சிஜனையும் குறைக்கக்கூடிய மூவாயு இன்குபேட்டர் வாங்கப் பணம் இல்லை என்பீர்கள். சரி. கைமுறை குளோனிங்கின் முன்னோடி வாஜ்டா ஒரு காலத்தில் செய்த வேலையைப் பாருங்கள். 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு, 5 சதவீதம் ஆக்சிஜன், மீதி 90 நைட்ரஜன் கலந்த சிலிண்டர் ஒன்று. டிஷ்ஷை அலுமினியத் தாள் பைக்குள் வைத்து, வாயுவை நிரப்பி, வெப்பத்தால் ஒட்டி, வாட்டர் பாத்துக்குள் மூழ்கவைத்துவிட்டார். நீர்மூழ்கி இன்குபேட்டர் என்றே அதற்குப் பெயர். மூடி போட்ட சாதாரண வாயுப் பெட்டியை உங்கள் இன்குபேட்டருக்குள் வைத்தாலும் அதே பலன்தான். இதில் இன்னொரு லாபமும் உண்டு. ஆய்வகத்தில் நான்கு பேர் பகிரும் இன்குபேட்டரின் கதவு ஒரு நாளைக்கு முப்பது தடவை திறந்தாலும் உங்கள் கருக்களுக்குத் தெரியாது.

ஆக, வெப்பத்தையும் பிஎச் மதிப்பையும் சரிபார்த்த பிறகும் சாட்சி டிஷ்ஷில் 8 சதவீதமே வந்தால் நான் செய்யும் முதல் மாற்றம் ஆக்சிஜனை 5-க்கு இறக்குவது. இரண்டாவது, சொட்டு போடும் விதம். அதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். வடிகட்டிய காற்று வீசும் லேமினார் ஃப்ளோ மேசையில் உட்கார்ந்து, சூடான தகட்டின் மேல் டிஷ்ஷை வைத்து, 20 மைக்ரோலிட்டர் சொட்டுகளாகப் பத்துப் பன்னிரண்டு வைக்கிறீர்கள். எல்லாம் வைத்து முடித்துத்தான் சொட்டுகளை மூடும் ஆயிலை ஊற்றுகிறீர்கள். முதல் சொட்டுக்கும் கடைசிச் சொட்டுக்கும் நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடமும் காற்று வீசிக்கொண்டே இருக்கிறது. முதலில் வைத்த சொட்டில் தண்ணீர் ஆவியாகி உப்பு கூடிவிடுகிறது. உப்படர்த்தி 275 மில்லிஆஸ்மோல் என்று பார்த்துப் பார்த்துத் தயாரித்த மீடியா, கரு போய்ச் சேரும் முன்பே 300-ஐத் தாண்டியிருக்கும். குளிர்ந்த டிஷ்ஷில், ஒரு நேரத்தில் நான்கைந்து சொட்டு மட்டும் வைத்து, உடனே ஆயில் ஊற்றுங்கள். ஊற்றிய பிறகு பைப்பெட்டை உள்ளே விட்டுச் சொட்டைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். சொட்டு மாற்றி மாற்றி முடிவு வேறுபடுகிறது என்று குழம்பிய ஒருவரிடம் நான் இதைத்தான் சொன்னேன். அவர் இடதுகைப் பழக்கம் உள்ளவர், வலப்பக்கத்திலிருந்து சொட்டு வைப்பார். கெட்டுப்போனவை எல்லாம் வலப்பக்கத்துச் சொட்டுகள்.

கைமுறை குளோனிங்குக்கே உரிய ஒரு தொல்லை, கருவுக்கு ஜோனா இல்லாதது. ஓடில்லாத முட்டை மாதிரி. 16, 32 செல் கட்டத்தில் செல்கள் ஒன்றோடொன்று இறுகும் வரை அவற்றைச் சேர்த்துப் பிடிக்க எதுவும் இல்லை. டிஷ்ஷை இரண்டாம் நாள், மூன்றாம் நாள் எடுத்து எடுத்துப் பார்த்தால் செல்கள் தனித்தனியே சரிந்துவிடும். இல்லையென்றால் பக்கத்துக் கருவோடு ஒட்டிக்கொள்ளும். அதற்குத்தான் வாஜ்டாவும் கூட்டாளிகளும் 2000 வாக்கில் குழிக்குள் குழி முறையைக் கொண்டுவந்தார்கள். நான்கு குழித் தட்டின் அடியில் எஃகு ஊசியால் அழுத்தி, கரு மட்டும் உட்காரும் அளவு சின்னச் சின்னக் குழிகள். ஒவ்வொரு கருவும் தன் குழியில் தனியாக இருக்கும், ஆனால் மேலே உள்ள மீடியா எல்லாவற்றுக்கும் பொது. கருக்கள் வெளியிடும் வளர்ச்சிப் பொருட்கள் வீணாகாமல் எல்லோருக்கும் கிடைக்கும். தனி ஒரு கருவைப் பெரிய சொட்டில் விட்டால் தடுமாறும், கூட்டமாக விட்டால் தேறும் என்பது இந்தத் துறையில் எல்லோரும் கண்ட அனுபவம். நீங்கள் கேள்வியில் எந்த முறை என்று சொல்லவில்லை. சமதளச் சொட்டில் வளர்ப்பவராக இருந்தால் குழிகளுக்கு மாறிப் பாருங்கள். குழியைக் கையால் அழுத்தும்போது பிளாஸ்டிக் பிசிறு இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், குழியில் காற்றுக்குமிழி சிக்கியிருந்தால் வெளியேற்றிவிட்டே கருவை இறக்குங்கள். முதல் நாளுக்குப் பிறகு ஐந்தாம் நாள் வரை தொடாதீர்கள். ஆவல் அடக்குவது இந்த வேலையில் ஒரு தொழில்நுட்பத் திறமை.

ஜோனா இல்லாததில் ஒரு நன்மையும் இருக்கிறது. ஒரே குழியில் இரண்டு மூன்று குளோன் கருக்களை ஒன்றாக வைத்தால் அவை சேர்ந்து ஒரே பிளாஸ்டோசிஸ்டாக வளரும். அர்ஜென்டினாவில் குதிரைக் குளோனிங்கில் இதை நன்றாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். கரு பெரிதாகவும் செல் எண்ணிக்கை கூடுதலாகவும் கிடைக்கும். ஆனால் சதவீதம் கணக்கிடும்போது குழியை வகுக்கிறீர்களா, உள்ளே போன கருக்களை வகுக்கிறீர்களா என்று நேர்மையாக எழுத வேண்டும். மூன்று கரு போட்டு ஒன்று எடுத்துவிட்டு, முன்னேற்றம் என்று சொல்லக் கூடாது.

இப்போது மீடியாவுக்கே வருகிறேன். முதல் மூன்று நாள் கரு குளுக்கோஸை அதிகம் கேட்பதில்லை. பைருவேட்டும் லாக்டேட்டும்தான் அதன் உணவு. குளுக்கோஸ் அதிகமிருந்தால் அந்தக் கட்டத்தில் தடுமாறவும் செய்யும். இறுகிய பிறகு, பிளாஸ்டோசிஸ்ட் குழி உருவாகும் கட்டத்தில்தான் குளுக்கோஸ் பசி வருகிறது. இதை வைத்தே இரண்டு கட்ட மீடியாக்களை உருவாக்கினார்கள். ஒரே மீடியாவைக் கடைசி வரை வைத்தாலும், அமினோ அமிலங்கள் சேர்த்த எஸ்ஓஎஃப்பில் மாடும் எருமையும் நன்றாகவே வளர்கின்றன. உங்களுக்கு இரண்டில் எது என்று நான் தேர்ந்தெடுத்துச் சொல்ல மாட்டேன். ஜோனா இல்லாத கருவை மூன்றாம் நாள் இன்னொரு டிஷ்ஷுக்கு மாற்றும்போது நேரும் சேதம், இரண்டு கட்ட மீடியாவால் வரும் லாபத்தைத் தின்றுவிடலாம் என்பதை மட்டும் சொல்கிறேன். மாற்றாமல், பாதி மீடியாவை மெதுவாக எடுத்துவிட்டுப் புதியதை விடுவது ஒரு நடுவழி. குளுட்டமின் 38.5 டிகிரியில் தானாகவே சிதைந்து அம்மோனியாவை விடும். அதற்குப் பதில் அலனைல்-குளுட்டமின் போட்டால் அந்தத் தலைவலி போயிற்று.

சீரம் (ரத்தத்தின் தெளிநீர்) விஷயத்தில் எனக்குச் சமரசம் இல்லை, போடாதீர்கள். போட்டால் பிளாஸ்டோசிஸ்ட் சீக்கிரம் வரும், எண்ணிக்கையும் கூடலாம், அடுத்த குழுக் கூட்டத்தில் காட்ட அழகான படமும் கிடைக்கும். ஆனால் அந்தக் கருக்கள் கறுத்து, கொழுப்பு நிறைந்து இருக்கும், உறைய வைத்தால் தாங்காது. அதைவிட முக்கியம், சீரத்தில் வளர்ந்த மாட்டு, ஆட்டுக் கருக்கள் வயிற்றில் அளவுக்கு மீறிப் பெருத்துப் பிறக்கும் கோளாறு. செம்மறியில் இதை ஆராய்ந்து, ஐஜிஎஃப்2ஆர் என்ற வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மரபணு இப்படிப் பெருத்த சிசுக்களில் மந்தமாகியிருப்பதை 2001-ல் ராஸ்லின் ஆட்களே காட்டினார்கள். குளோன் கன்றுக்கு ஏற்கெனவே அந்தப் போக்கு உண்டு. எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவானேன். கொழுப்பு அமிலம் நீக்கிய பிஎஸ்ஏ (மாட்டு ரத்தத்தின் அல்புமின் புரதம்) போதும். அதிலும் ஒவ்வொரு லாட்டும் ஒவ்வொரு குணம். நல்லதாக ஒரு லாட் அமைந்தால் அதே எண்ணில் ஒரு வருடத்துக்கு வாங்கிப் ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத எதிரிகளில் ஒன்றை நேரில் அனுபவித்திருக்கிறேன். ஒரு ஆய்வகத்தில் திடீரென்று எல்லோருடைய கருக்களும் நின்றன. பார்த்தினோட், சோதனைக்குழாய்க் கரு, குளோன் எதுவும் 8 செல் தாண்டவில்லை. மீடியாவைப் புதிதாகச் செய்தோம், தண்ணீரை மாற்றினோம், ஆயில் பாட்டிலை மாற்றினோம். மூன்று வாரம் கழிந்த பிறகு, வேலைநாள் குறிப்பேட்டைப் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டிருந்த ஒரு தங்கை, "அண்ணா, இந்தத் தேதிதானே பக்கத்து ரூம் கதவுக்கு வார்னிஷ் அடிச்சாங்க?" என்றார். தரையை ஃபினாயில் விட்டு அதே வாரம் கழுவியும் இருக்கிறார்கள். அந்த ஆவிகள் காற்றோடு இன்குபேட்டருக்குள் போய், ஆயிலில் கரைந்து, அங்கேயே தங்கிவிடும். ஆயில் கருவைக் காக்கும் போர்வை என்று நினைக்கிறோம், இப்படிப்பட்ட நச்சுகளை உறிஞ்சி வைக்கும் பஞ்சும் அதுதான். அதிலிருந்து எங்கள் அறையில் ஸ்பிரிட், ஃபினாயில், சென்ட் எதற்கும் அனுமதி இல்லை. மினரல் ஆயில் பாட்டிலை வெளிச்சத்தில் வைத்தாலும் பெராக்சைடு உருவாகிவிடும், இருட்டில் வையுங்கள். புதிய பாட்டில், புதிய டிஷ் பெட்டி, புதிய பிஎஸ்ஏ எது வந்தாலும் குளோன் கருவில் சோதிக்காதீர்கள், அது விலைமதிப்பற்றது. எலிக் கரு வசதி இருந்தால் அதில் பாருங்கள். இல்லையென்றால் கழுவிய காளை விந்தணுவை அந்த ஆயிலின் கீழ் ஒரு இரவு வைத்து, காலையில் எத்தனை நீந்துகிறது என்று பழைய லாட்டோடு ஒப்பிடுங்கள். மிக மலிவான பரிசோதனை, ஆனால் பெரிய அபாயங்களைக் காட்டிக்கொடுத்துவிடும்.

உங்கள் சீனியர் சொன்ன மருந்துகளுக்குக் கடைசியில்தான் வருகிறேன். மெலடோனின், வைட்டமின் சி, சிஸ்டியமைன் போன்றவை ஆக்சிஜன் சேதத்தைக் குறைப்பவை. நல்லது செய்யலாம். ஆனால் 20 சதவீத ஆக்சிஜனில் வளர்க்கும் ஆய்வகத்தில் அவை காட்டும் முன்னேற்றமும், 5 சதவீதத்தில் காட்டும் முன்னேற்றமும் ஒன்றாக இருக்காது. ட்ரைக்கோஸ்டாட்டின் ஏ வேறு ரகம். அதை வளர்ப்பு மீடியாவில் சேர்க்கும் சத்து என்று நினைக்கக் கூடாது. அது உட்கரு தன் பழைய நினைவை விட உதவும் மருந்து. டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் உள்ள அசெட்டைல் குழுக்களை நீக்கும் நொதியைத் தடுத்து, டிஎன்ஏவை இளகவைக்கிறது. எலியில் ஜப்பானியக் குழு 2006-ல் இதைக் காட்டியபோது குளோனிங் வெற்றி பல மடங்கு கூடியது. தூண்டலுக்குப் பிறகு சில மணி நேரம் மட்டும், 5 முதல் 50 நானோமோலார் அளவில். மாட்டிலும் எருமையிலும் பலன் ஒரே மாதிரி வரவில்லை. அளவு கூடினால் கருவைக் கொன்றுவிடும். சாட்சி டிஷ்ஷில் பார்த்தினோட் நன்றாக வளர்ந்து, குளோன் மட்டும் நிற்கிறது என்றால் இதைத் தொடலாம். அப்போதும் மருந்தைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ மட்டும் சேர்த்த ஒரு டிஷ் ஒப்பீட்டுக்கு வேண்டும். 2018-ல் சீனாவில் குளோன் குரங்குகள் சோங் சோங், ஹுவா ஹுவா வெளியே வந்தபோது, அதன் பின்னால் இருந்தது புது மீடியா இல்லை. ட்ரைக்கோஸ்டாட்டின் ஏவும், ஹிஸ்டோனில் பூட்டுப் போட்டதுபோல இருக்கும் ஒரு மீத்தைல் குறியை நீக்கும் கேடிஎம்4டி என்ற நொதியின் ஆர்என்ஏவும்தான். கருவிடம் கெஞ்ச வேண்டிய இடமும் சொட்டைச் சரிசெய்ய வேண்டிய இடமும் வேறு வேறு என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

கருமுட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாட்சி டிஷ்ஷும் மோசமாக இருந்து, ஆக்சிஜன், வெப்பம், ஆயில் எல்லாம் சரிபார்த்தும் முன்னேறவில்லை என்றால், இறைச்சிக்கூடத்திலிருந்து சினைப்பை வரும் பாதையைப் பாருங்கள். எருமையின் சினைப்பையில் நல்ல கருமுட்டைகள் மாட்டை விடக் குறைவு. அவையும் மே மாதத்தில் ஐஸ் பெட்டியில் ஒருபக்கம் உறைந்தும் மறுபக்கம் வெந்தும் ஆறு மணி நேரம் பயணித்து வந்தால், அதற்கு மீடியாவில் மருந்தில்லை. ஃபிளாஸ்கில் 30-லிருந்து 35 டிகிரிக்குள், ஆன்டிபயாடிக் சேர்த்த சலைனில், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் கொண்டுவாருங்கள். கியூமுலஸ் செல்கள் மூன்று அடுக்காவது சுற்றியிருக்கும் கருமுட்டையைத் தேர்ந்தெடுங்கள். எண்ணிக்கைக்காக மொட்டைக் கருமுட்டைகளைச் சேர்த்துக்கொள்வதுதான் புதிதாக வருபவர்கள் செய்யும் பெரிய தவறு.

எதை அளப்பது என்பதிலும் பிழை நடக்கிறது. பிளாஸ்டோசிஸ்ட் சதவீதம் ஒரு இடைநிலைய டிக்கெட்தான், பயணம் முடியவில்லை. ஏழாம் நாள் கருக்களில் சிலவற்றுக்காவது ஹோக்ஸ்ட் சாயம் ஏற்றி மொத்தச் செல்களை எண்ணுங்கள், உள்கட்டிச் செல்களையும் (கன்றாக மாறுபவை) வெளியடுக்குச் செல்களையும் (நஞ்சுக்கொடியாக மாறுபவை) பிரித்துப் பாருங்கள், மடிந்துகொண்டிருக்கும் செல்கள் எத்தனை என்று பாருங்கள். 25 சதவீதம் பிளாஸ்டோசிஸ்ட் வந்து ஒவ்வொன்றிலும் 60 செல் இருப்பதை விட, 15 சதவீதம் வந்து 130 செல் இருப்பதை நான் தேர்ந்தெடுப்பேன். கர்னாலின் தேசியப் பால்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுபவத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கைமுறை குளோனிங்கில் அவர்கள் 2009 பிப்ரவரியில் பெற்ற முதல் கன்று சம்ரூபா சில நாட்களில் இறந்தது. அதே ஆண்டு ஜூனில் பிறந்த கரிமா இரண்டு ஆண்டுக்கு மேல் வாழ்ந்தது. 2010-ல் பிறந்த கரிமா-2 தானே சினையாகி 2013 ஜனவரியில் மஹிமா என்ற கன்றை ஈன்றது. 2023-ல் கிர் இனப் பசுவின் குளோன் கன்று கங்கா. கன்று ஒவ்வொன்றின் பின்னாலும், டிஷ்ஷில் அழகாக இருந்து, கருப்பையில் நஞ்சுக்கொடி சரியாக அமையாமல் முதல் மூன்று மாதத்தில் கரைந்துபோன கருக்கள் எத்தனையோ இருக்கும். குளோனிங்கில் மாட்டினங்களின் இழப்பு பெரும்பாலும் அங்கேதான்.

எனவே அடுத்த மூன்று வாரத்துக்கு இப்படிச் செய்யுங்கள். ஒவ்வொரு குளோன் நாளிலும் இருபது பார்த்தினோட். அதே மீடியா, எந்த மருந்தும் சேர்க்காமல். தெர்மோகப்பிளைச் சொட்டுக்குள் விட்டு அளந்த எண்ணைக் குறிப்பேட்டில் எழுதுங்கள், இரவு முழுக்க வைத்த மீடியாவின் பிஎச் மதிப்பையும் எழுதுங்கள். மூன்று வாரம் கழித்துக் குளோன் சதவீதம் ஒரு பக்கம், பார்த்தினோட் சதவீதம் ஒரு பக்கம் போட்டு அனுப்புங்கள். அந்த இரண்டு எண்ணையும் பார்த்த பிறகு மெலடோனினைப் பற்றியும் கைடு வாங்க யோசிக்கும் மீடியாவைப் பற்றியும் பேசிக்கொள்ளலாம்.